பொருள் சொல்லும் உரிமை: சீனச் சடங்குச் சர்ச்சையும் உலகமயத்தின் உரையாடலும்

உலகமயம் மக்களிடையேயான தொடர்பை எவ்வாறு மாற்றுகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வேகத்தையும் பரப்பையும் கொண்டே விடை சொல்லப்படுகிறது. கப்பல், தந்தி, தொலைபேசி, இணையம் எனத் தொலைவு படிப்படியாகச் சுருங்கி வந்திருப்பதால், வெவ்வேறு பண்பாட்டினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் அதே அளவில் எளிதாகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த விடைக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் செய்தி எத்தனை விரைவாகச் சென்றாலும் தீராத சிக்கல் ஒன்று, குறிப்பாகச் சமயம் சார்ந்த நடத்தைகளில், எஞ்சி நிற்கிறது. ஒரு சமூகத்தார் செய்யும் ஒரு செயலுக்கு இன்னதுதான் பொருள் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அதைச் செய்பவர்களுக்கா, அருகிலிருந்து காண்பவர்களுக்கா, அல்லது தொலைவில் இருந்தபடி பொதுவிதி ஒன்றைக் கொண்டு தீர்ப்பளிப்பவர்களுக்கா? பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெய்ஜிங்கையும் ரோமையும் மணிலாவையும் புதுச்சேரியையும் ஒரே விவாதத்துக்குள் இழுத்து வந்த சீனச் சடங்குச் சர்ச்சை, இந்தக் கேள்வியை அதன் எல்லா முனைகளோடும் வெளிப்படுத்தியது; அதனால் அது கிறித்தவத் திருச்சபையின் உள்விவகாரம் என்ற அளவைத் தாண்டி மெய்யியல் சார்ந்த கவனத்துக்கு உரியதாகிறது.

இச்சர்ச்சை வணிக வழிகளின் மீது பிறந்தது. போர்ச்சுக்கீசியர் 1557இல் மக்காவில் நிலைகொண்டனர். ஸ்பானியர் 1571இல் மணிலாவைத் தங்கள் ஆட்சியின் தலைமையிடமாக்கி, அமெரிக்க வெள்ளியைப் பசிபிக் கடல் வழியாகக் கொணர்ந்து சீனப் பட்டுக்கு விலையாகக் கொடுத்தனர். புதிய நிலங்களில் ஆயர்களை முன்மொழிவது, மறைப்பணியாளர்களை அனுப்புவது, அவர்களின் செலவை ஏற்பது ஆகிய பொறுப்புகளைத் திருத்தந்தையர் இவ்விரு நாட்டு மன்னர்களுக்கும் ஒப்படைத்திருந்தனர். இந்தப் புரவலர் உரிமையின் காரணமாக மறைப்பணியாளரும் மிளகும் பட்டும் ஒரே கப்பல்களில் பயணம் செய்தனர். இயேசு சபையினர் கோவா, மக்காவ் வழியாகச் சீனாவை அடைந்தனர். தோமினிக்கன், பிரான்சிஸ்கன் சபைகளைச் சேர்ந்த துறவியர் பெரும்பாலும் மெக்சிகோ, மணிலா வழியாக வந்து சேர்ந்தனர். வந்த வழி வேறுபட்டதனால், உடன் கொண்டுவந்த அனுபவமும் வேறுபட்டது. அமெரிக்கப் பழங்குடிகளிடையே சிலைகளை உடைத்துப் பழகிய மரபில் வந்தவர்களின் கண்ணும், ஜப்பானிய, சீன ஆட்சியாளர்களிடம் அனுமதி கேட்டு நின்ற மரபில் வந்தவர்களின் கண்ணும் ஒரே சடங்கை ஒரே விதமாகக் காண்பதற்கில்லை.

1582இல் மக்காவுக்கு வந்து மறு ஆண்டில் சீன நிலத்துக்குள் குடியேறிய, இயேசு சபையைச் சேர்ந்த இத்தாலியரான மத்தேயோ ரிச்சி, தொடக்கத்தில் பௌத்தத் துறவியின் கோலத்தை ஏற்றார். அக்கோலம் சீனக் கல்வியாளரிடையே மதிப்பைத் தராது என்று உணர்ந்தபின், 1595 முதல் கன்பூசிய அறிஞர்களின் உடைக்கு மாறினார். 1601இல் பெய்ஜிங்கில் தங்குவதற்கு அனுமதி பெற்ற அவர், 1603இல் விண்ணக வேந்தரைப் பற்றிய உரையாடல் நூல் ஒன்றைச் சீன மொழியில் வெளியிட்டு, பழைய கன்பூசிய நூல்கள் பரம்பொருளை அறிந்திருந்தன என்றும் கிறித்தவம் அவ்வறிவை நிறைவுசெய்கிறது என்றும் வாதிட்டார். அவருடைய நண்பர்களான கிறித்தவ அறிஞர்களுக்கு இரண்டு கடமைகள் தவிர்க்க முடியாதவையாக இருந்தன. ஒன்று, இறந்த பெற்றோர், மூதாதையர் ஆகியோரின் பெயர் பொறித்த பலகையின் முன் நறும்புகை ஏற்றி, உணவு படைத்து, நெற்றி நிலத்தில் படுமாறு வணங்குவது. மற்றொன்று, கன்பூசியஸுக்குரிய மண்டபங்களில் கல்வியாளரும் அலுவலரும் செலுத்தும் மரியாதையில் பங்குகொள்வது. இவற்றை மறுப்பவர் பெற்ற கடன் மறந்தவராகவும் அரசப்பணிக்குத் தகாதவராகவும் கருதப்பட்டார். இச்செயல்கள் நன்றியின் வெளிப்பாடுகள், எனவே குடிமை சார்ந்தவை, சிலைவழிபாடு அல்ல என்பது ரிச்சியின் முடிவு.

1630களில் ஃபூஜியன் மாநிலத்தில் பணியாற்றத் தொடங்கிய தோமினிக்கன் துறவியர் கண்டது வேறொன்று. அவர்கள் பழகியவர்களில் அரண்மனை அறிஞர் குறைவு. சிற்றூர் மக்கள் அதிகம். அம்மக்கள் பலகையில் மூதாதையரின் ஆவி வந்து தங்குவதாக நம்பினர். விளைச்சலும் நலமும் மக்கட்பேறும் வேண்டி வணங்கினர். வணங்காவிட்டால் தீங்கு நேரும் என்று அஞ்சினர். இத்துறவியருக்கு இது வழிபாடாகவே தெரிந்தது. இரு தரப்பினரில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. நூல்வழிக் கன்பூசியத்தில் ஊறிய அறிஞருக்கு ஒரு பொருளும், நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு மற்றொரு பொருளும் கொண்டதாக அதே செயல் நிகழ்ந்துகொண்டிருந்தது. இயேசு சபையினர் முன்னதையும் தோமினிக்கன் துறவியர் பின்னதையும் முழுச் சீனாவின் குரலாக எடுத்துக்கொண்டனர்.

இதன் விளைவை ரோம் அளித்த விடைகளில் காணலாம். தோமினிக்கன் துறவியான ஹுவான் பவுத்திஸ்தா தெ மொராலெஸ் எழுப்பிய ஐயங்களின் பேரில், 1622இல் நிறுவப்பட்ட விசுவாசப் பரப்புப் பேராயம், அதாவது மறைப்பணி நிலங்களை மேற்பார்க்கும் ரோமின் துறை, 1645இல் இச்சடங்குகளைத் தடைசெய்தது. இயேசு சபையின் சார்பில் ரோமுக்குச் சென்ற மார்ட்டினோ மார்ட்டினி அளித்த விளக்கத்தின் பேரில் 1656இல் அவற்றுக்கு அனுமதி வழங்கப்பட்டது. இரண்டில் எது செல்லும் என்று மீண்டும் வினவப்பட்டபோது, 1669இல், வினாக்களும் சூழல்களும் எவ்வாறு விவரிக்கப்பட்டனவோ அவ்வாறே இரண்டும் செல்லும் என்று விடை வந்தது. முரண்பாடாகத் தோன்றும் இந்த விடைக்குள் ஒரு நேர்மை இருக்கிறது. நீதிபதியின் முன் சடங்கு வரவில்லை, சடங்கின் விவரிப்பு மட்டுமே வந்தது. விவரிப்பு மாறியபோது தீர்ப்பும் மாறியது. தொலைவு மிகுந்த உரையாடலில் ஒரு செயலைப் பற்றிய விவரிப்பு அச்செயலின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது என்பதை ரோம் தன்னையறியாமல் ஒப்புக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் மெய்யியலாரும் மானிடவியலாரும் இச்சிக்கலுக்கு வேறு சொற்களைத் தந்தனர். ஆங்கில மெய்யியலாளர் கில்பர்ட் ரைலிடமிருந்து பெற்ற ஒரு கருத்தை அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1973இல் விரித்துரைத்தார். கண்ணிமை தானாகத் துடிப்பதும் ஒருவர் மற்றொருவருக்குக் குறிப்புணர்த்தக் கண் சிமிட்டுவதும் உடலசைவு என்ற அளவில் ஒன்றே. வேறுபாடு அசைவில் இல்லை, அதைக் குறிப்பாக ஏற்கும் சமூகப் புரிதலில் இருக்கிறது. அசைவை மட்டும் பதிவுசெய்வது மெலிந்த விவரிப்பு, அப்புரிதலையும் சேர்த்துச் சொல்வது செறிந்த விவரிப்பு. நெற்றி நிலத்தில் படுவது மெலிந்த விவரிப்பு என்றால், அதை நன்றி என்பதும் வழிபாடு என்பதும் செறிந்த விவரிப்புகள். மெய்யியலாளர் பீட்டர் வின்ச் இதனினும் ஒரு படி மேலே சென்று, ஒரு செயல் பொருளுடையதா, அறிவுக்குப் பொருந்துவதா என்று மதிப்பிடும் அளவுகோல்களே அந்தந்த வாழ்முறைக்குள்தான் உருப்பெறுகின்றன என்றும், வெளியிலிருந்து கொண்டுவரும் அளவுகோல் பெரும்பாலும் தன்னையே அளந்துகொள்கிறது என்றும் வாதிட்டார். இவர்களின் வழியில் சென்றால் விடை எளிது போலத் தோன்றும்: செய்பவரைக் கேள், அவர் சொல்வதே பொருள்.

அந்த எளிய விடை 1700ஆம் ஆண்டிலேயே சோதிக்கப்பட்டது. ஃபூஜியனில் திருத்தந்தையின் பதிலாளாக இருந்த பிரெஞ்சுக் குரு சார்ல் மெக்ரோ 1693இல் தன் ஆட்சி எல்லைக்குள் சடங்குகளைத் தடைசெய்து, விவாதத்தை மீண்டும் ரோமுக்கு எடுத்துச் சென்றார். அதற்கு மறுமொழியாகப் பெய்ஜிங்கின் இயேசு சபையினர் சீனப் பேரரசர் காங்ஷியிடமே நேராகக் கேட்டனர். கன்பூசியஸுக்குச் செலுத்துவது ஆசிரியருக்குரிய மதிப்பு, மூதாதையருக்குச் செய்வது அன்பையும் நினைவையும் காட்டுவது, எதையும் வேண்டிப் பெறுவதற்கு அன்று என்ற விளக்கத்தைப் பேரரசர் ஏற்று உறுதிசெய்தார். செய்பவரின் சாட்சி என்ற வகையில் இதனினும் உயர்ந்த சாட்சியைப் பெற இயலாது. ஆயினும் ரோமில் அது எதிர்விளைவையே உண்டாக்கியது. எது சிலைவழிபாடு என்று முடிவு செய்யும் அதிகாரம் கிறித்தவரல்லாத ஓர் அரசருக்கு எவ்வாறு வந்தது என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். 1704 நவம்பரில் திருத்தந்தை பதினோராம் கிளெமென்ட் மெக்ரோவின் பக்கம் நின்று தீர்ப்பளித்தார். பேரரசர் தன் நாட்டு வழக்கத்தின் பொருளைச் சொன்னதாகக் கருதினார். ரோம் தன் இறையியலின் எல்லையை அவர் மீறியதாகக் கருதியது. ஒரே வாக்கியம் ஓரிடத்தில் சாட்சியாகவும் மற்றோரிடத்தில் அத்துமீறலாகவும் கேட்கப்பட்டது.

சடங்கு விவகாரத்தைத் தீர்க்க, அத்தீர்ப்பு வெளிவருவதற்கு முன்பே அனுப்பப்பட்ட திருத்தந்தையின் தூதர் தூர்னோன் சீனாவுக்குச் செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார் என்பது, இவ்வரலாற்றில் தமிழகம் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை என்பதை நினைவூட்டுகிறது. 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்ற பெயரை ஏற்ற இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை குலத்தையும் கல்வியையும் உணர்த்தும் குடிமை அடையாளங்களே என்று வாதிட்டு, கோவாவில் எழுந்த கடும் எதிர்ப்பையும் கடந்து, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் அனுமதியைப் பெற்றிருந்தார். அன்றைய ஐரோப்பியர் தமிழ் பேசும் நிலப்பகுதியையும் மலபார் என்றே குறித்ததால், இவை மலபார் சடங்குகள் என்று அழைக்கப்பட்டன. எட்டு மாதங்கள் புதுச்சேரியில், பெரும்பாலும் நோயுற்ற நிலையில், தங்கியிருந்த தூர்னோன், உள்நாட்டின் மறைப்பணித் தளங்களைக் காணாமலே, 1704இல் இச்சடங்குகளில் பலவற்றைத் தடைசெய்து ஆணையிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் பூப்பு, திருமணம் சார்ந்த பல வழக்கங்களும் அத்தடையில் அடங்கின.

காணாத நிலத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதிய இந்த ஆணை எளிதில் கண்டிக்கத்தக்கது. ஆனால் அதே ஆணையில் இருந்த மற்றொரு பகுதி அந்தக் கண்டனத்தை அவ்வளவு எளிதாக முடியவிடுவதில்லை. நோயுற்ற பறையர் சமூகக் கிறித்தவர்களின் வீடுகளுக்கு மறைப்பணியாளர்கள் நேரில் சென்று அருளடையாளங்களை, அதாவது திருச்சபை தன் உறுப்பினருக்கு வழங்கும் புனிதச் சடங்குகளை, வழங்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. தீண்டாமையைக் குடிமை வழக்கம் என்று ஏற்றுக்கொண்டு உள்ளூர் வழக்கங்களுக்கு இசைந்து சென்ற மறைப்பணி முறை, உயர்குலத்தாரிடையே பணியாற்றும் குருக்கள் அவ்வீடுகளுக்குள் நுழைவதைத் தவிர்த்திருந்தது. பிற குலத்தாருக்கென்று பண்டார சுவாமிகள் எனத் தனி வகுப்புக் குருக்கள் ஏற்பட்டனர். நோபிலி எந்தச் செய்பவர்களைக் கேட்டறிந்து பூணூலின் பொருளை வரையறுத்தாரோ, அவர்கள் பூணூல் அணிந்தவர்கள். அணிய இயலாதவர்களிடம் கேட்டிருந்தால், அது கல்வியின் அடையாளமாக மட்டும் விளங்கியிருக்காது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், பறையர் சமூகத்துக்கென்று தனி மறைப்பணியாளர்களை ஏற்படுத்தும் சமரசத்துக்கு இசைந்தபோது, தொலைவிலிருந்து வந்த பொதுவிதியும் உள்ளூர் வழக்கத்தின் முன் இறங்கிவந்தது.

இவ்விடத்தில் வின்ச், கீர்ட்ஸ் ஆகியோரின் வாதத்துக்குள் ஒரு விரிசல் புலப்படுகிறது. செய்பவரைக் கேள் என்ற விதி, செய்பவர் ஒரே குரலில் பேசுகிறார் என்ற எண்ணத்தின் மீது நிற்கிறது. பண்பாடு என்பது ஒன்றுபட்ட மனம் கொண்ட ஓர் ஆள் அன்று. அதற்குள் விளக்கம் சொல்லும் தகுதி பெற்றவர்களும், விளக்கத்தின் சுமையைத் தாங்குபவர்களும் தனித்தனியே இருக்கின்றனர். வெளியிலிருந்து வருபவர் யாரை முதலில் சந்திக்கிறாரோ அவருடைய பொருளே அந்த நாட்டின் பொருளாகப் பதிவாகிறது. பெய்ஜிங்கின் அறிஞர், ஃபூஜியனின் உழவர், மதுரையின் அந்தணர், சேரியின் நோயாளி என்ற நால்வரில் எவரும் போலியானவர் அல்லர். ஆனால் நால்வரின் சொற்களும் ரோமுக்குப் போகும் கடிதத்தில் சம இடம் பெறவில்லை.

சீனாவில் இதன் பின்விளைவு விரைந்து வந்தது. 1706இல் காங்ஷி மெக்ரோவை அழைத்து நேரில் வினவியபோது, அரியணைக்கு மேலே எழுதப்பட்டிருந்த நான்கு சீன எழுத்துகளை அவரால் முழுமையாகப் படிக்க முடியவில்லை. நூல்களை அறியாத ஒருவர் அந்நூல்களின் கொள்கையைக் கண்டிப்பது, வீட்டுக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதைப் பற்றிப் பேசுவது போன்றது எனப் பேரரசர் கருதினார். ரிச்சியின் வழியைப் பின்பற்றுவதாக உறுதி கொடுக்கும் மறைப்பணியாளர் மட்டுமே சீனாவில் தங்கலாம் என்ற சான்றிதழ் முறை வந்தது. தூர்னோன் மக்காவில் காவலில் இருந்தபடியே 1710இல் இறந்தார். 1715இல் ரோம் தடையை மேலும் இறுக்கி, மறைப்பணியாளரிடம் உறுதிமொழி கோரும் ஆணையை வெளியிட்டது. அதன் சீன மொழிபெயர்ப்பை 1721இல் படித்த காங்ஷி, மேலைநாட்டார் எவரும் சீன நூல்களை அறியாமலே பேசுகின்றனர் என்று கூறி, கிறித்தவ போதனையைத் தடுக்கும் முடிவுக்கு வந்தார். 1724இல் அவருடைய மகன் யோங்ஜெங் முறையான தடையை விதித்தார். 1742இல் பதினான்காம் பெனடிக்ட் விவாதத்தையே நிறுத்தும் இறுதி ஆணையை வெளியிட்டார்.

கொரியாவில் இதே முடிவு உயிர்களைக் கேட்டது. அங்குக் கிறித்தவம் மறைப்பணியாளர் வழியாக வரவில்லை. ரிச்சியின் நூல் உள்ளிட்ட சீன மொழி நூல்களைப் படித்த கன்பூசிய அறிஞர்கள் அதைத் தாங்களே நாடினர். அவர்களில் ஒருவரான இ சுங்-ஹுன் 1784இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். கன்பூசியமும் கிறித்தவமும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் என்று கற்பித்த நூலால் ஈர்க்கப்பட்ட அச்சமூகத்தாருக்கு, மூதாதையர் சடங்கு கூடாது என்ற ரோமின் தடை 1790இல் பெய்ஜிங் ஆயர் வழியாகத் தெரிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யுன் ஜி-சுங், பெயர்ப்பலகைகளை எரித்து, தன் தாய் இறந்தபோது மரபுச் சடங்கைச் செய்யாது விட்டார்; அவரும் அவருடைய உறவினர் குவோன் சாங்-யோனும் ஜோன்ஜு நகரில் கொல்லப்பட்டனர். ஒரு நூலும் ஓர் ஆணையும் ஒரே உலகத் தொடர்பு வழியாகவே அவர்களை அடைந்தன. நூல் அவர்களின் உலகத்தோடு உரையாடியது. ஆணைக்கு அவர்கள் மறுமொழி சொல்ல வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ரோமின் நிலை மாறத் தொடங்கியபோது, மறுதிசையின் ஆபத்து வெளிப்பட்டது. 1932இல் டோக்கியோவில் இயேசு சபையினர் நடத்திய சோஃபியா பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர் சிலர், போரில் இறந்தோருக்கான யாசுகுனி ஆலயத்தில் வணங்க மறுத்தது நாடளாவிய நெருக்கடியாக வளர்ந்தது. ஜப்பானியக் கல்வி அமைச்சகம், அவ்வணக்கம் நாட்டுப்பற்றையும் அரச விசுவாசத்தையும் காட்டுவதே என்று விளக்கம் அளித்தது. அவ்விளக்கத்தை ஏற்ற விசுவாசப் பரப்புப் பேராயம் 1936இல் ஷிந்தோ ஆலய வணக்கத்தைக் குடிமைச் செயலாக அனுமதித்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் காங்ஷிக்கு மறுக்கப்பட்ட உரிமை இப்போது ஜப்பானிய அரசுக்கு வழங்கப்பட்டது. ஆனால் அந்த வணக்கத்தைக் கட்டாயமாக்கியதும் அதே அரசுதான். ஜப்பானின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த கொரியாவில் பிரெஸ்பிட்டீரியன் பொதுப்பேரவையே 1938இல் அழுத்தத்துக்குப் பணிந்து இதை ஏற்றபோது, அதை மறுத்த போதகர் சூ கி-சோல் 1944இல் சிறையில் இறந்தார். வணக்கத்தின் பொருள் குடிமை என்று சொன்னவர் வணங்கச் செய்பவர். அது வழிபாடு என்று சொன்னவர் வணங்க வற்புறுத்தப்பட்டவர். உள்ளிருந்து வரும் குரலைக் கேட்பது என்ற நல்லெண்ணம், உள்ளே அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று வினவாதபோது, அதிகாரத்தின் கருவியாகிவிடுகிறது.

இவ்விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் ஓடும் மற்றொரு கருத்தும் ஆய்வுக்குரியது. சமயம், குடிமை என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் ஒவ்வொரு செயலையும் இட்டுவிடலாம் என்பதில் ரிச்சியும் மெக்ரோவும் உடன்பட்டிருந்தனர். எந்தப் பெட்டி என்பதில்தான் வேறுபட்டனர். அந்த இருகூறாக்கம் ஐரோப்பாவில் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே நிகழ்ந்த நெடும் பூசலில் உருவானது. பெற்றோரை வணங்குவது, ஆட்சியாளரை மதிப்பது, விண்ணுலகுக்குப் பலியிடுவது ஆகிய அனைத்தையும் ஒழுங்கு தவறாத நடத்தை என்ற ஒரே தொடரில் கண்ட சீன மரபுக்கு அப்பிரிவினை அயலானது. எனவே காங்ஷியிடம் வைக்கப்பட்ட கேள்வியே அவருடைய உலகத்துக்குள் பிறந்ததன்று. அவர் விடையளித்தபோது கேட்டவரின் வகைப்பாட்டையும் சேர்த்து ஏற்க வேண்டியிருந்தது. ஜப்பானிய அரசு பின்னர் இதே வகைப்பாட்டைக் கற்றுக்கொண்டு, ஷிந்தோவைச் சமயம் அல்லாத ஒன்றாக அறிவித்துப் பயன்பெற்றது. உலகமயத்தின் ஆழ்ந்த செல்வாக்கு இங்கே இருக்கிறது: அது விடைகளைப் பரப்புவதற்கு முன்பே, எந்த வடிவில் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதைப் பரப்பிவிடுகிறது.

இக்காலத்தில் இந்த வழக்கின் இடம் நீதிமன்றங்களுக்கு மாறியிருக்கிறது. ஜெனீவாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் அணிந்த தலைத்துணியை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001இல் ஆற்றல்மிக்க புறச்சின்னம் எனக் கருதி, சுவிஸ் அரசின் தடையை ஏற்றது. இத்தாலிய வகுப்பறைச் சுவரில் தொங்கும் சிலுவையை அதே நீதிமன்றம் 2011இல் அடிப்படையில் செயலற்ற சின்னம் எனக் கருதி அனுமதித்தது. ஆசிரியரின் உடைக்கும் சுவரின் பொருளுக்கும் வேறுபாடு உண்டு, குழந்தைகளின் வயதும் கருதத்தக்கது என்பன உண்மையே. ஆயினும் எது ஆற்றல் மிக்கது, எது செயலற்றது என்ற மதிப்பீடு காண்பவரின் பழக்கத்தைச் சார்ந்தது என்பதை மறைக்க இயலாது. கலிபோர்னியாவின் என்சினிட்டாஸ் பள்ளிகளில் யோகம் கற்பிப்பது சமயப் போதனை என்று சில பெற்றோர் தொடுத்த வழக்கில், அங்குக் கற்பிக்கப்பட்ட முறை சமயம் சாராதது என்று 2013இல் விசாரணை நீதிமன்றமும் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முடிவு செய்தன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், அமெரிக்க இந்து அமைப்பு ஒன்று யோகத்தின் இந்து வேரை நினைவூட்டும் இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. பொதுவெளியில் இடம்பெறுவதற்குச் சமயத்தன்மையைக் களைய வேண்டும், மரபின் உரிமையை நிலைநாட்டுவதற்கு அதை வற்புறுத்த வேண்டும் என்ற இருவகை நெருக்கடியும், ஐரோப்பாவில் பிறந்த அதே இருகூறாக்கத்தின் வழித்தோன்றல்களே.

அப்படியானால் பொருள் சொல்லும் உரிமை எவரிடம் இருக்கிறது? செய்பவரிடம் மட்டும் என்றால் மதுரையின் சேரியும் கொரியச் சிறையும் மறக்கப்படுகின்றன. பொதுவிதியின் நீதிபதியிடம் மட்டும் என்றால் ஜோன்ஜுவின் கொலைக்களம் மறக்கப்படுகிறது. ஜெர்மானிய மெய்யியலாளர் ஹான்ஸ்-கியோர்க் காடமர் 1960இல் வெளியிட்ட நூலில், முன்புரிதல் இல்லாமல் எவரும் எதையும் அறியத் தொடங்க முடியாது என்றும், உண்மையான புரிதலில் அறிபவரின் முன்புரிதலும் மாற்றத்துக்கு உள்ளாகிறது என்றும் காட்டினார்; இருவர் பார்வையின் எல்லைகளும் நகர்ந்து ஒன்று கலப்பதே புரிதல் என்பது அவருடைய விளக்கம். இந்த விளக்கத்தோடு, சடங்குச் சர்ச்சை கற்பிக்கும் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். ஒரு செயலைச் செய்பவரோடு அச்செயலின் சுமையைத் தாங்குபவரும் கேட்கப்பட வேண்டும். விவரிக்கப்பட்டவருக்கு அந்த விவரிப்பை மறுத்துப் பேசும் வாயில், தீர்ப்புக்குப் பின்னும், திறந்திருக்க வேண்டும். கேள்வி கேட்பவரின் வகைப்பாடுகளும் விசாரணைக்கு உட்பட வேண்டும். இவை நிறைவேறும் அளவுக்கே பொருள் என்பது இருவருக்கும் பொதுவானதாகிறது. நிறைவேறாதபோது, அது ஒருவர் மற்றவர்மீது விதிப்பதாகவே நிற்கிறது.

தொலைவின் தடை நீங்கிவிட்ட இக்காலத்தில் இந்நிபந்தனைகள் தாமாகவே நிறைவேறிவிட்டன என்று கருதுவதற்கில்லை. மொராலெஸின் ஐயத்துக்கு மறுப்புக் கூற மார்ட்டினி ரோம்வரை செல்ல வேண்டியிருந்தது. இன்று ஒரு சடங்கின் காணொளி அது நிகழ்ந்த கணத்திலேயே உலகெங்கும் செல்கிறது. ஆனால் மார்ட்டினிக்கு ரோமில் ஒரு விசாரணை கிடைத்தது. விரைந்து செல்லும் காணொளி, யார் செய்தது, எதற்காகச் செய்தது என்ற சூழலை விட்டுவிட்டு அசைவை மட்டும் சுமந்து செல்கிறது. அது மெலிந்த விவரிப்பின் முழுமையான வடிவம். காண்பவர் ஒவ்வொருவரும் தூர்னோனைப் போல உள்நாட்டைக் காணாமலே தீர்ப்பு எழுதும் வசதியைப் பெற்றிருக்கின்றனர். தீர்ப்புக்கு உள்ளானவர் மறுமொழி சொல்லும் மன்றம் அதே அளவில் வளரவில்லை. வேகம் செய்தியின் காலத்தைக் குறைத்தது. உரையாடலில் இருதரப்பாருக்கும் இருக்க வேண்டிய சமநிலையை அது உண்டாக்கவில்லை.

சீனச் சடங்குகளின் மீதான தடையை 1939 டிசம்பரில், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் காலத்தில், விசுவாசப் பரப்புப் பேராயம் தளர்த்தியது. மலபார் சடங்குகளுக்கு எதிரான உறுதிமொழியும் அடுத்த ஆண்டில் நீக்கப்பட்டது. அந்த முடிவுக்குக் கூறப்பட்ட காரணம் ஆராயத்தக்கது. முற்காலத்தில் பிற சமயச் சடங்கோடு பிணைந்திருந்த வழக்கங்கள், காலப்போக்கில் மக்களின் மனமும் வழக்கும் மாறியதால், இப்போது குடிமைப் பொருளை மட்டுமே கொண்டிருக்கின்றன என்பது அக்காரணத்தின் சாரம். இதில் ஓரளவு உண்மை உண்டு. பேரரசு ஒழிந்த சீனாவில் சடங்கின் இடமும் மாறித்தான் இருந்தது. எனினும் மாற்றம் முழுவதும் செய்தவர்களின் பக்கமே வைக்கப்பட்டது. முந்தைய வாசிப்பு பிழைபட்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை. தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் அதிகாரம், தன் புரிதலைத் திருத்திக்கொண்டதாகச் சொல்லாமலே அதைச் செய்து முடிக்க இயலும் என்பதற்கு இது சான்று. ஆகவே பண்பாடுகளிடையே உரையாடல் நிகழ்ந்ததா என்று அறிவதற்கு, எத்தனை செய்திகள் பரிமாறப்பட்டன என்றோ, இறுதி முடிவு எவருக்குச் சாதகமாக அமைந்தது என்றோ பார்ப்பது போதாது. மற்றவரின் மறுமொழியால் தன் வாசிப்பு மாறியது என்று, வலிமை மிகுந்த தரப்பு வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். உலகமயம் தொடர்பின் வழிகளைப் பெருக்கியிருக்கிறது. ஆனால் அவ்வாறு சொல்ல வேண்டிய கடமையை அது எவர்மீதும் சுமத்துவதில்லை. அக்கடமையை ஏற்பது அறத்தின் பாற்பட்டது, அதை வலிமை மிகுந்தவரே முதலில் ஏற்க வேண்டும்.